செம்பைத் தேடிப் போய்த் தண்ணீரைக் கண்ட ஏழு நாள்கள்

கோவையில் பம்பு உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பியான வைண்டிங் வயரின் விலை ஏறும் நாள்களில் மட்டும் செம்பைப் பற்றி யோசிப்பவன் நான். என் தங்கையின் கணவர் அப்படியல்லர். ஜாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்க உரிமத்தில் பங்கு கிடைக்கும் என்று யாரோ ஒரு தரகர் அனுப்பிய அறிக்கையை மூன்று மாதமாகக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, நிலத்தை விற்று வந்த பணத்தை அதில் போடுவதாக இருந்தார். “நீங்க ஒரு தடவை கூட வந்து பாருங்க மச்சான், பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன்” என்றார். தங்கையின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. போன இடத்தில் ஒவ்வொரு நாள் இரவும் எழுதி வைத்தவற்றை, ஊர் திரும்பிய பிறகு சற்றே ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

ஜூலை 5, 2025, சனி: லுசாகா

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்ற எண்ணத்தில் பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வந்தது முதல் தவறு. ஜாம்பியாவின் தலைநகரான லுசாகா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை அங்கே குளிர்காலம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது ஊட்டியில் இறங்கியது போலிருந்தது. மாப்பிள்ளை துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டார்.

மாலையில் சந்தைக்குப் போனோம். மேலை நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை அங்கே ‘சலௌலா’ என்கிறார்கள். குவியலைக் கிளறித் தேர்ந்தெடுப்பது என்பது அச்சொல்லின் பொருளாம். நாங்களும் கிளறி, ஆளுக்கொரு கம்பளிச் சட்டையை 80 குவாச்சாவுக்கு எடுத்தோம். அப்போது ஒரு குவாச்சா ஏறத்தாழ மூன்றரை ரூபாய். என் சட்டையின் மார்பில் ஏதோ ஓர் ஐரோப்பியப் பள்ளியின் சின்னம் இருந்தது; அடுத்த ஐந்து நாளும் அதைக் கழற்றவில்லை.

நான் விலை கேட்டதும் கடைக்காரப் பெண்மணி பதில் சொல்லாமல் புன்னகையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் முறையும் கேட்டேன். பக்கத்தில் நின்ற இளைஞர்தாம் விளக்கினார்: முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் வியாபாரம். “முலி ஷானி” என்றேன். “ப்வினோ முக்வாய்” என்று முழங்காலை லேசாக மடக்கிச் சொல்லிவிட்டு, உடனே விலையையும் சொன்னார். ஊரில் வாடிக்கையாளரிடம் “வாங்க” என்று சொல்லாமல் விலைப்பட்டியலை நீட்டும் என் பழக்கம் நினைவுக்கு வந்தது.

ஜூலை 6, ஞாயிறு: கிட்வே செல்லும் சாலையில்

பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்புமுன் ஒருவர் ஏறி, நின்றபடியே கால் மணி நேரம் பிரசங்கம் செய்து, பயணத்துக்காக வேண்டிக்கொண்டு, தட்டை நீட்டிவிட்டு இறங்கினார். பயணிகள் அனைவரும் கண் மூடியிருந்தனர். சாலையைப் பார்த்தபிறகு அந்த வேண்டுதலின் தேவை புரிந்தது. லுசாகாவிலிருந்து இண்டோலா வரையிலான நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செம்புப் பாரவண்டிகளும் பேருந்துகளும் மண் மாற்றுப்பாதைகளில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போயின.

வழியில் கப்வே வந்தது. வெள்ளையர் ஆட்சியில் புரோக்கன் ஹில் என்றழைக்கப்பட்ட ஊர் இது. இங்குள்ள ஈயச் சுரங்கத்தில் 1921இல் கிடைத்த ஆதி மனித மண்டையோடு இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாம்பியா திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சுரங்கம் 1994இல் மூடப்பட்டது. ஆனால் ஈயம் மண்ணில் தங்கிவிட்டது. புழுதியில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் அது இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. தாதுவையும் மண்டையோட்டையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் விட்டுச்சென்றது அது ஒன்றைத்தான் என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கபிரி இம்போஷியைத் தாண்டியதும் டயர் வெடித்தது. ஒன்றரை மணி நேரம். ஒருவரும் நடத்துநரிடம் கோபப்படவில்லை. ஒருவர் வாங்கிய அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரிசையாகக் கைமாறி எங்களிடமும் வந்தது. கொடுத்தவர் வலக்கையால் நீட்டி, இடக்கையால் தம் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவரோடு பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. சுதந்திரம் பெற்ற ஐந்தாம் ஆண்டான 1969இல் ஜாம்பியா 7 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா, சுரங்கங்களில் 51 சதவீதத்தை அரசே எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். 1982இல் இரு பெரும் நிறுவனங்களை இணைத்து ஒரே அரசு நிறுவனம் உருவாயிற்று. வீடு, மருத்துவமனை, பள்ளி, கால்பந்து மன்றம், கடைசியில் சவப்பெட்டி வரை அந்த நிறுவனமே தரும். பிறகு செம்பு விலை விழுந்தது, இயந்திரங்கள் தேய்ந்தன, கடன் ஏறியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன்னாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சில ஆண்டுகளிலேயே சுரங்கங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. அவருக்குக் கிடைத்தது, குடியிருந்த வீடு. “வீடு இருக்கிறது, வேலைதான் இல்லை” என்று சிரித்தார்.

செம்புச் சுரங்க நகரமான கிட்வே வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது.

ஜூலை 7, திங்கள்: கிட்வே

காலையில் தரகரின் வண்டிக்காக விடுதி வாசலில் நின்றோம். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. ஜூலை மாதத்தின் முதல் திங்கள் மாவீரர் நாள் என்றும், மறுநாள் செவ்வாய் ஒற்றுமை நாள் என்றும், இரண்டும் நாடு முழுவதற்கும் விடுமுறை என்றும் விடுதிக் காவலர் சொல்லித்தான் தெரிந்தது. பயணத்தைத் திட்டமிட்ட மாப்பிள்ளை நாள்காட்டியைப் பார்க்கவில்லை. தரகர் பார்த்திருக்கிறார் என்பது பிறகு புரிந்தது: அலுவலகங்கள் மூடியிருக்கும் நாள்களிலேயே எங்களை வரச்சொல்லியிருந்தார். அவர் அன்று வரவுமில்லை.

கால்போன போக்கில் நடந்தோம். வுசாகிலே பகுதிக்கு அருகில் ஒரு கரிய மலை. அது மலையன்று, பல பத்தாண்டுகளாக உருக்காலை கொட்டிய கசடு. பழைய முறையில் எடுத்தது போக மீந்த செம்பு இன்னும் அதில் இருப்பதால், கசடே இப்போது சொத்து. அதைச் சுரண்டி விற்கும் கூட்டங்களின் தலைவர்களை ‘ஜெராபோ’ என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பலரும் குரலைத் தாழ்த்தினார்கள். 2018இல் இதன் ஒரு பங்கை அரசு உள்ளூர் இளைஞர்களுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டு ஜூனில் சரிவு விழுந்து பத்துப் பேர் இறந்தனர்.

மதியம் திறந்திருந்த ஒரே சாப்பாட்டுக் கடையில் ‘உப்வாலி’. வெள்ளைச் சோள மாவில் கிளறிய களி என்று சொன்னால் நம்மவர்களுக்கு விளங்கும். லுசாகாவில் இதையே ‘ஷிமா’ என்றார்கள். முதலில் குவளையில் வெந்நீர் கொண்டுவந்து கைகழுவ ஊற்றுகிறார்கள். உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பைத் தொட்டு உண்ண வேண்டும். மாப்பிள்ளை சைவம், அவருக்குப் பூசணி இலையை நிலக்கடலைப் பொடியோடு மசித்த ‘இஃபிசாஷி’. எனக்குக் ‘கபெண்டா’: நெத்திலிக் கருவாட்டின் அண்ணன் தம்பி. இருவருக்கும் சேர்த்து 130 குவாச்சா. பயணம் முழுவதிலும் மாப்பிள்ளை மனமார வாழ்த்திய முதலீடு அந்த இஃபிசாஷி ஒன்றுதான்.

ஜூலை 8, செவ்வாய்: லுஃப்வன்யாமா பக்கம்

தரகர் எட்டு மணிக்குச் சொல்லிப் பதினொன்றரைக்கு வந்தார். மேற்கே இரண்டு மணி நேரம்; பாதிக்கு மேல் செம்மண் பாதை. சைக்கிளில் ஆளுயரத்துக்கு மரக்கரி மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருபவர்களைத் தவிர எதிரே யாருமில்லை. இந்த வட்டாரம் மரகதத்துக்குப் பேர்போனது. இங்குள்ள ககேம் சுரங்கத்தில் கால் பங்கு அரசுடையது. இந்நாட்டுக் கற்களில் கணிசமானவை ஜெய்ப்பூரில்தான் பட்டை தீட்டப்படுகின்றன.

இடத்துக்குப் போகுமுன் கிராமத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தரகருக்கு அது பிடிக்கவில்லை. தலைவர் எங்களைத் தாழ்ந்த முக்காலிகளில் அமரவைத்தார். நாங்கள் கை தட்டி வணங்கினோம். மழை, விளைச்சல், பயணம், என் பெற்றோர் என்று விசாரிப்பு அரை மணி நேரம் நீண்டது. பிறகு சொன்னார்: இந்த நிலத்தைப் பார்ப்பதற்கு இவ்வாண்டில் வந்த நான்காவது கூட்டம் நாங்கள். மூன்று கூட்டத்துக்கும் இதே தரகரா என்று கேட்டேன். அவர் தரகரைப் பார்த்துவிட்டு, சோளம் இந்த முறை நன்றாக விளைந்ததாகச் சொன்னார்.

இடம் அழகாகத்தான் இருந்தது. மூன்று குழிகள், அவற்றின் ஓரத்தில் மயில்பச்சை நிறத்தில் செம்புத் தாதுவான மலக்கைட் கற்கள். செம்பு நிறைந்த மண்ணில் செழிக்கும் ஒரு சிறு செடி இப்பகுதியில் உண்டு. அந்தக் காலத் தாது ஆய்வாளர்கள் அதை வழிகாட்டியாகக் கொண்டு திரிந்தார்கள். எங்களை அழைத்துப்போன பையன் செடியைக் காட்டினான். பூக்கும் பருவம் அல்ல. தரகர் காட்டியது ஆய்வகச் சான்று: 5 சதவீதம் செம்பு. கையால் பொறுக்கிய பச்சைக் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஐந்தும் வரும், பதினைந்தும் வரும். பெண் பார்க்கும்போது நீட்டும் ஸ்டுடியோ புகைப்படம் அது. எத்தனை இடத்தில் துளையிட்டார்கள், எத்தனை மீட்டர் ஆழம், கீழே தாது தொடர்கிறதா என்று கேட்டால் பதிலில்லை. கேட்ட தொகை முப்பதாயிரம் டாலர், முன்பணமாக. ஒரு பச்சைக் கல்லை மாப்பிள்ளை கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

இரவு விடுதியில் மின்சாரம் போயிற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். சென்ற ஆண்டு வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவிக்கும் அளவுக்கு மழை பொய்த்து, கரிபா அணை வற்றி, நாளில் பெரும்பொழுது இருளில் கழிந்ததை விடுதிக்காரர் மெழுகுவத்தி கொளுத்தியபடியே சொன்னார். மின்சாரம் திரும்பியதும் தொலைக்காட்சியில் செய்தி: இறக்குமதியாகும் செம்புக்கு 50 சதவீதம் வரி விதிக்கப்போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்திருந்தார். நியூயார்க் சந்தையில் விலை ஒரே நாளில் எகிறியிருந்தது. “பாத்தீங்களா மச்சான், விலை ஏறுது” என்றார் மாப்பிள்ளை. ஏறியது அமெரிக்காவுக்குள் விலை. ஜாம்பியச் செம்பில் பெரும்பகுதி அங்கே போவதில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதை அவருக்கு விளக்கத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்: சிங்கோலா, சிலிலபோம்ப்வே

அலுவலகங்கள் திறந்தன. அரசின் சுரங்க உரிமப் பதிவேடு வரைபடமாக இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். தரகரின் தாளிலிருந்த எண்ணை அதில் இட்டேன். அது சுரங்க உரிமமே அன்று, தாது தேடுவதற்கான ஆய்வு உரிமம். அதை வைத்துக்கொண்டு வெட்டி விற்க முடியாது. அதன் உடைமையாளர் பெயரும் வேறு. காலை உணவு முடியுமுன் விஷயம் முடிந்துவிட்டது. கோவையில் உட்கார்ந்தே இதைப் பார்த்திருக்கலாம் என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வாடகைக்குப் பேசிய வண்டி இருந்ததால், வீணாக்காமல் வடக்கே எல்லை வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். சிங்கோலாவை நெருங்கும்போது தட்டையான உச்சிகொண்ட மண்மேடுகள் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்சாங்கா திறந்தவெளிச் சுரங்கம். ஏறத்தாழ 400 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டது. உள்ளே அனுமதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவனுக்கு இந்த ஊர் முற்றிலும் அந்நியமன்று. தூத்துக்குடியில் 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தபின் மூடப்பட்ட செம்பு ஆலையின் உரிமையாளரான வேதாந்தா நிறுவனமே 2004இல் இந்தச் சுரங்கங்களின் பெரும்பங்கை 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஆற்று நீர் மாசுபட்டதாக இங்குள்ள கிராமத்தினர் 1,800க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஜாம்பிய அரசு சுரங்க நிறுவனத்தைக் கலைப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தது. ஆட்சி மாறியது, 2024இல் சுரங்கம் மீண்டும் வேதாந்தாவிடமே வந்தது. ஐந்தாண்டு இழுபறியில் யார் ஜெயித்தார்கள் என்று ஓட்டுநரைக் கேட்டேன். “வக்கீல்கள்” என்றார்.

சிலிலபோம்ப்வேயில்தான் என் கண் விழித்தது. அங்குள்ள கொன்கோலா நிலத்தடிச் சுரங்கம் உலகிலேயே அதிக நீர் ஊறும் சுரங்கங்களில் ஒன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கன மீட்டர், அதாவது 30 கோடி லிட்டர் தண்ணீரை வெளியே இறைத்தாக வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் இருபத்தைந்தாயிரம் நடை, ஒரு நாளைக்கு! நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும். விலை ஏறினாலும் விழுந்தாலும், உரிமையாளர் மாறினாலும், விடுமுறையானாலும் பம்பு ஓடித்தான் ஆக வேண்டும். மின்வெட்டு அங்கே எப்படிப்பட்ட அச்சம் என்பது அப்போதுதான் உறைத்தது. முந்தின இரவின் மெழுகுவத்தியைப் பற்றி முணுமுணுத்ததற்காக வெட்கப்பட்டேன்.

ஊருக்குள் பம்பு பழுதுபார்க்கும் ஒரு பட்டறை கண்ணில் பட்டது. எண்ணெய்க் கறை படிந்த தரை, சுவரில் தொங்கும் ஸ்பேனர்கள், மூலையில் தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) குவியல்: கோவை கணபதியில் என் சொந்தப் பட்டறைக்குள் நுழைந்தது போலிருந்தது. உரிமையாளர் அறுபது வயதைக் கடந்தவர். நலம் விசாரித்து, முக்காலி போட்டு, ‘முன்கோயோ’ என்ற புளித்த சோளப் பானம் கொடுத்தார். வண்டல் கலந்த நீரில் வெண்கல இம்பெல்லர் எட்டு மாதம்கூடத் தாங்குவதில்லை என்றும், தென்னாப்பிரிக்காவிலிருந்து மாற்று வர வாரக்கணக்கில் ஆகிறதென்றும், பெரிய இடங்களில் பணம் வர மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இருந்தால் வேலைக்குப் பஞ்சமில்லை என்றும் சொன்னார். தேய்ந்த இம்பெல்லர் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், ஏழு கிலோ இருக்கும். “இதைவிட ஓராண்டு அதிகம் உழைப்பது போல ஒன்று செய்து அனுப்புங்கள், பிறகு பேசுவோம்.”

திரும்பும் வழியில், காங்கோ எல்லையான கசும்பலேசாவிலிருந்து வரும் டிரெய்லர்களின் வரிசை. அவ்வளவு நீள வண்டியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் செம்புத் தகடு அடுக்கியிருந்ததால், பாதி காலியாக ஓட்டுகிறார்களே என்றார் மாப்பிள்ளை. எடை அவ்வளவுதான் தாங்கும் என்றேன்.

ஜூலை 10, வியாழன்: சம்பிஷி, கிட்வே

சம்பிஷியில் இறங்கினோம். கடந்த பிப்ரவரி 18 அன்று இங்கே ஒரு செம்பு ஆலையின் கழிவு அணை உடைந்து, அமிலம் கலந்த கழிவு ஓடை வழியாகக் கஃபுவே ஆற்றில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன, கிட்வே நகரின் குடிநீர் நிறுத்தப்பட்டது. சாலையோரம் தக்காளி விற்ற பெண்மணி, தம் காய் ஆற்றங்கரைத் தோட்டத்துக் காய் அல்ல என்பதை நாங்கள் கேட்குமுன்பே மூன்று முறை சொன்னார். தக்காளி ஒரு குவியல் 10 குவாச்சா. வாங்கிக்கொண்டோம்.

பிற்பகல் கிட்வேயில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம்; மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு சபலம் மிச்சமிருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். நிலத்தை இங்கே அலகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அலகு 3.3408 ஹெக்டேர். 120 அலகு வரை சிறுசுரங்கம். அதைத் தனி வெளிநாட்டவர் எடுக்க முடியாது; ஜாம்பியர்களுக்குப் பங்குள்ள நிறுவனம்தான் எடுக்கலாம். கைத்தொழில் அளவிலான தோண்டல் முழுக்க உள்ளூர்க் குடிமக்களுக்கே. நிலத்துக்கு உரியவர், பாரம்பரியத் தலைவர், சுற்றுச்சூழல் ஆணையம் என்று ஒப்புதல்கள் தனித்தனி. செம்பு விலைக்கேற்ப 4 முதல் 10 சதவீதம் வரை அரசுக்கு உரிமத் தொகை (ராயல்டி). அதற்கு மேல் இலாபத்தில் வரி. இவை அநியாயமான விதிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2020இல் கடன் தவணை கட்ட முடியாமல் நின்ற ஒரு நாடு, தன் மண்ணுக்கு விலை கேட்கக் கற்றிருக்கிறது.

பெரிய பணம் எப்படி வருகிறது என்பதையும் அவரே சொன்னார். கிட்வே, முஃபுலிரா சுரங்கங்களின் 51 சதவீதத்தை 2024இல் அபுதாபி நிறுவனம் ஒன்று 110 கோடி டாலருக்கு எடுத்தது. கணினியால் தாது தேடும் கோபோல்ட் நிறுவனம், பில் கேட்ஸ் போன்றோரின் பணத்தோடு, சிலிலபோம்ப்வே அருகில் மிங்கோம்பாவில் ஆழத் துளையிட்டு வருகிறது. சென்ற ஆண்டு 8 லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தியை அடுத்த பத்தாண்டின் தொடக்கத்துக்குள் 30 லட்சமாக்குவது அரசின் இலக்கு. நூறு கோடி டாலர்காரர்களுக்கு இங்கே கதவு திறந்திருக்கிறது. முப்பதாயிரம் டாலர்காரனுக்குத் தரகர்தான் திறக்கிறார். வழக்கறிஞர் கட்டணம் 1,500 குவாச்சா. நியாயமான தொகை.

மாப்பிள்ளை இரவு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எட்டு மாசம்னா சொன்னார் அந்த ஐயா? உலோகக் கலவையை மாத்தினா தாங்குமா மச்சான்?” என்று கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி: இண்டோலா விமான நிலையம்

சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். நான் முந்திக்கொண்டு நலம் விசாரித்தேன், அதிகாரியும் விசாரித்தார். கைக்குட்டையிலிருந்த மலக்கைட் கல்லை எடுத்து மேசைமேல் வைத்து, தாதுக்கற்களை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். சீட்டு இல்லை. கல் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தார். இம்பெல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேய்ந்த விளிம்பை விரலால் தடவி, “இது பழுதாகிவிட்டதே, இதை எதற்கு எடுத்துப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அளவெடுக்க என்றேன். தராசில் வைத்தார். ஏழு கிலோ இருநூறு கிராம். பையோடு சேர்த்தால் அனுமதித்த எடையை விடச் சற்று அதிகம். கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து மேலே போட்டுக்கொண்டதும் சரியாகப் போயிற்று.